கடன் பத்திரமும் அகதியின் வாய்மொழியும்

அறுபத்தைந்து வயது முதியவர் ஒருவர் லண்டனுக்குத் தெற்கேயுள்ள காட்விக் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறார். அவருடைய பைக்குள் ஒரு மரப்பேழை. பேழைக்குள் ஊத் என்னும் அகில். ஆங்கிலம் நன்கு அறிந்தவர் அவர். ஆயினும் அறியாதவர்போல் நிற்கிறார். பயணச்சீட்டு விற்றவன் அவ்வாறு நடந்துகொள்ளும்படி சொல்லி அனுப்பியிருக்கிறான். அவர் வாயிலிருந்து வருபவை 'அகதி', 'புகலிடம்' என்ற இரு சொற்கள்தாம். கையிலுள்ள கடவுச்சீட்டில் இருப்பதோ வேறொருவர் பெயர்.

சான்சிபாரில் பிறந்தவரும் 2021-இல் நோபல் பரிசு பெற்றவருமான அப்துல்ரஸாக் குர்னா 2001-இல் வெளியிட்ட 'பை த ஸீ' நாவலின் தொடக்கப் பகுதி இது. முதியவர் பெயர் ஸாலிஹ் உமர். அவர் நாட்டினர் உயிருக்கு ஆபத்தென்று சொன்னால் புகலிடம் தரலாம் என்று பிரிட்டிஷ் அரசு அப்போது முடிவு செய்திருந்ததாகக் கதை கூறுகிறது. ஆகவே அவருக்கு இடம் கிடைத்துவிடுகிறது. அவர் ஊரைவிட்டு ஓடிவந்ததன் மெய்யான காரணம் ஒரு பழைய கடன். அதை அங்கே எவரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? 1951-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை இனம், மதம், தேசியம், குறிப்பிட்டதொரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து என்ற ஐந்து காரணங்களை மட்டுமே ஏற்கிறது. கடன்காரனுக்கு அஞ்சி ஓடிவந்தவனுக்கு அதில் இடமில்லை. மிரட்டுபவன் தனி மனிதனானால், 'உன் நாட்டுக் காவலரிடம் ஏன் முறையிடவில்லை?' என்ற கேள்வி எழும். 2000-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை ஹார்வத் வழக்கில் அளித்த தீர்ப்பும் அரசின் பாதுகாப்பு போதுமானதா என்பதையே அளவுகோலாக்கியது. இவற்றையெல்லாம் கடந்தாலும், சொல்வது நம்பத்தக்கதா என்ற கடைசி வாயில் ஒன்றிருக்கிறது. கடன் வழக்குகள் பெரிதும் தடுக்கி விழுவது அங்கேதான். பத்திரம் கடனை மெய்ப்பிக்கும்; மிரட்டலை மெய்ப்பிக்காது. கடன் எழுத்தில் இருக்கிறது, மிரட்டலோ வாய்ச்சொல்லாக வாசற்படியில் நிகழ்ந்து காற்றோடு போய்விடுகிறது.

குர்னா இந்த முடிச்சைப் பொறுமையாக அவிழ்க்கிறார். பருவக்காற்றோடு வந்துபோகும் ஹுஸைன் என்ற பாரசீக வணிகர், ரஜப் ஷஃபான் என்பவருக்குக் கடன் கொடுத்து அவர் வீட்டை ஈடாகப் பெறுகிறார். பிறகு ஸாலிஹ் உமரிடம் தாம் ஒரு தொகை கடன் வாங்கி, அதே வீட்டுப் பத்திரத்தை அவரிடம் ஈடாக வைத்துவிட்டுக் கப்பலேறுகிறார். திரும்பி வரவில்லை. ஸாலிஹ் வீட்டைக் கைப்பற்றுகிறார். ரஜபின் குடும்பம் வெளியேறுகிறது. சட்டப்படி இதில் குறை சொல்ல ஏதுமில்லை. கடனை எழுதிக்கொள்ளுமாறு பணிக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனத்தை அவர் பேணினார் என்றே சொல்லலாம். அதற்கு இரண்டு வசனங்களுக்கு முன்னர், நெருக்கடியில் உள்ளவனுக்குத் தவணை கொடு என்றிருப்பதை அவர் மறந்தார். அவர் சொல்லும் வரலாற்றில் இந்த இடம் மட்டும் சற்று வேகமாகக் கடந்துபோவதை நாம் கவனிக்கிறோம்.

பின்னர் 1964-இல் புரட்சி வருகிறது. ரஜபின் மனைவிக்கு அமைச்சர் ஒருவரின் செல்வாக்கு கிடைக்கிறது. வீடு கைமாறுகிறது, ஸாலிஹ் பல ஆண்டுகள் சிறையில் கிடக்கிறார். அவர் சிறையிலிருந்த காலத்தில் மனைவியும் மகளும் இறந்துபோகிறார்கள். இதைத் 'தனியார் தகராறு' என்று ஓர் அதிகாரி குறித்துவைத்தால் அது சரியாகுமா? ஆட்சியில் இருப்பவன் ஒரு தரப்பின் கையைப் பிடித்த கணமே கடன் அரசியலாகிவிடுகிறது. விண்ணப்பத் தாளில் இவ்விரண்டுக்கும் தனித்தனிக் கட்டங்கள். வாழ்க்கையில் அவற்றுக்கிடையே கோடு கிடையாது.

நாவலின் உயிர் அதன் இரண்டாம் குரலில் இருக்கிறது. ஸாலிஹுக்கு மொழிபெயர்ப்பாளராகத் தேடிப் பிடிக்கப்படும் லத்தீஃப், அந்த ரஜபின் மகன். அவர் தந்தையின் பெயரில்தான் ஸாலிஹ் வந்திருக்கிறார்! ஒரே வீட்டின் கதை இரு வாய்களிலிருந்து இரு விதமாக வருகிறது. ஒருவர் நினைவை மற்றவர் திருத்துகிறார். கோபித்துக்கொண்டும் மௌனமாகியும் மீண்டும் தொடர்ந்தும் அவர்கள் பேசுகிறார்கள். உண்மை அப்படித்தான், தவணை தவணையாக, வருகிறது. 1979-இல் அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையர் அலுவலகம் வெளியிட்ட கையேடும், உண்மையைக் கண்டறியும் பொறுப்பு கேட்பவருக்கும் உண்டு என்கிறது. அதே கையேடு, சான்று திரட்ட முடியாதவர்க்கு ஐயத்தின் பயனை வழங்குமாறும் கூறுகிறது. ஆனால் பிரிட்டனில் 2004-இல் வந்த சட்டத்தின் 8-ஆம் பிரிவு, பொய்யான கடவுச்சீட்டைக் காட்டுதல், தகவலை மறைத்தல் போன்ற நடத்தைகளை நம்பகத்தன்மைக்குக் கேடானவையாகக் கொள்ளும்படி பணித்தது. ஸாலிஹ் உமர் அந்தச் சட்டத்துக்குப் பிறகு வந்திறங்கியிருந்தால், பெயரும் பொய், ஊமைத்தனமும் பொய். அச்சம் மட்டும் மெய் என்று யாரிடம் சொல்லியிருப்பார்?

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு குறையையும் சொல்ல வேண்டும். முதியவரை இறுதியாக ஊரைவிட்டுத் துரத்துபவன் ரஜபின் மூத்த மகன் ஹஸன். இளவயதில் ஹுஸைனோடு போய்விட்ட அவன், பல்லாண்டுகள் கழித்துத் திரும்பி வந்து பழைய கணக்கைக் கிளறுகிறான். முழுப் பயணத்துக்கும் காரணமான இந்த மிரட்டலை ஆசிரியர் நாவலின் கடைசிப் பகுதிக்குத் தள்ளிவைத்து, விரைந்து முடித்துவிடுகிறார். மரச்சாமான்களுக்கும் நறுமணத்துக்கும் கிடைத்த பக்கங்கள் ஹஸனுக்குக் கிடைக்கவில்லை. ஒரு கிழவர் கடல் கடந்து ஓடும் அளவுக்கு அவனிடம் என்ன அச்சுறுத்தல் இருந்தது என்று நாமும் ஒரு கணம் ஐயுறுகிறோம். வேண்டுமென்றே செய்ததா, கைசோர்ந்ததா? நாம் பின்னதாகவே கருதுகிறோம். ஆனால் நண்பர் ஒருவர் நம்மோடு உடன்படவில்லை. சிறையில் வருடங்களைக் கழித்து வந்தவனுக்குப் புதிய மிரட்டல் பெரிதாக இருக்கத் தேவையில்லை, கதவு தட்டப்படும் ஓசையே போதும் என்பது அவர் வாதம். அந்தப் பக்கங்களை மறுபடி படித்தபோது அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகவே பட்டது.