கங்காவின் கதை படிக்கத் தக்கதா?

ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' 1970-இல் நூலாக வெளிவந்தது. 1972-இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றது. 1977-இல் பீம்சிங் இயக்கத்தில் திரைப்படமாகி, கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருதையும் தேடித் தந்தது. இத்துணைப் புகழ் பெற்ற பின்னும், "இதை நாம் படிக்கத்தான் வேண்டுமா? வளர்ந்த பிள்ளைகளின் கையில் கொடுக்கலாமா?" என்னும் கேள்வி, பிரிக்ஃபீல்ட்சிலும் கிள்ளானிலும் தமிழாசிரியர் கூடுமிடங்களில் எழாமல் இல்லை. கேட்போர் பிறர் பிள்ளைகளுக்குப் பொறுப்பேற்றவர்கள். ஆகவே அக்கேள்வியை நகைத்து ஒதுக்குவது முறையன்று.

நாவலின் வேர் ஒரு சிறுகதையில் உள்ளது. 1966-இல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' வந்தது. மழை பெய்யும் மாலையில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் கல்லூரி மாணவி ஒருத்தி, முன்பின் அறியாத செல்வன் ஒருவனின் காரில் ஏறுகிறாள். கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். தாய் பதறுகிறாள், அடிக்கிறாள். பின்னர் மகளின் தலையில் நீரை ஊற்றி, அவள் தூய்மையானவளே என்று அணைத்துக் கொள்கிறாள். அக்காலத்தில் அக்கதைக்குப் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. அவ்வாறு அணைத்துக் கொள்ளாத தாய் ஒருத்தி இருந்தால் அப்பெண் என்னாவாள் என்பதே பின்னர் எழுந்த நாவல்.

இதில் தாய் கனகம் அலறிவிடுகிறாள். செய்தி வெளியே பரவுகிறது. அண்ணன் கணேசன் தங்கையை வீட்டை விட்டே துரத்துகிறான். மாமா வெங்கட்ராமையர் அடைக்கலம் தந்து படிக்க வைக்கிறார். ஆனால் அந்த உதவிக்கு விலையாக அவர் கண் அவள்மீதே விழுகிறது. கங்கா படித்து, பெரிய உத்தியோகத்தில் அமர்ந்து, தன் சம்பாத்தியத்தில் வாழ்கிறாள். ஆயினும் ஒருவனுக்கு வைப்பாக இருக்கலாமேயன்றி மனைவியாக முடியாது என்பதே அவளைப் பற்றி மாமா வழங்கும் தீர்ப்பு. அத்தீர்ப்பே அவளை, முன்பு தன்னைக் கெடுத்த பிரபுவைத் தேடிச் செல்லத் தூண்டுகிறது.

'அக்கினிப் பிரவேசம்' என்னும் அதே கதை, ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதியதாக நாவலுக்குள்ளும் வருகிறது. ஆண்டுகள் பல சென்றபின் அதைப் படித்துக் கனகம் அழுகிறாள். தான் சொல்லியிருக்க வேண்டிய சொல்லை ஏட்டில் காண்கிறாள். ஆனால் அதைச் சொல்ல வேண்டிய நாழிகை கடந்துவிட்டது. என் கருத்தில் நாவலின் உயிர்நிலை இவ்விடமே. ஒரு பெண்ணின் வாழ்வைக் கெடுத்ததில் காரில் நிகழ்ந்ததற்கு எவ்வளவு பங்கு, வாசற்படியில் எழுந்த கூச்சலுக்கு எவ்வளவு பங்கு என்று நம்மை எண்ண வைக்கிறது. பொருள் கனமானது என்பதால் மட்டும் ஒரு நாவல் உயர்ந்ததாகாது; அக்கனத்தை யார் தோளில் ஏற்ற வேண்டுமோ அவர் தோளில் ஏற்றுகிறதா என்றே பார்க்க வேண்டும். இங்கே அது நான்கு பேருக்கு அஞ்சும் குடும்பத்தின் தோளில் ஏறுகிறது. ஒரு லயத்தில் பேசியது அடுத்த லயத்துக்குக் கேட்கும் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கும், சுவரோடு சுவர் ஒட்டிய அடுக்குமாடியில் இன்று வாழ்பவர்களுக்கும் இதை விளக்க வேண்டுவதில்லை.

குறைகளும் உண்டு. பாத்திரங்கள் பேசும்போது பல இடங்களில் ஆசிரியரே வாதாடுகிறார். கதை நின்று விடுகிறது. பிராமண வீட்டுப் பேச்சுநடை நம் நாட்டு வாசகருக்கு முதல் சில பக்கங்களில் தடையாக இருக்கும். பொறுமையுடன் படித்தால் பழகிவிடும். இவற்றினும் பெரிய குறை ஒன்று. மனைவி பத்மா, மகள் மஞ்சு என்று குடும்பத்தோடு வாழும் பிரபுவை, உள்ளீடற்ற, இரங்கத்தக்க மனிதனாக ஆசிரியர் வரைகிறார். அவ்விரக்கம் உண்மையானதே. ஆனால் கங்கா ஊராரிடமும் உறவினரிடமும் பட்டவற்றில் நூற்றில் ஒரு பங்கைக்கூட அவன் எவரிடமும் படவில்லை. கதையும் நாவலும் பெண் தூயவளா என்பதை ஆராய்வதில் காட்டும் அக்கறையை, ஆணின் குற்றத்தை விசாரிப்பதில் காட்டவில்லை. இறுதியில் மதுவை நாடுபவளும் கங்காவே.

ஆசிரியர் இதையும் கருத வேண்டும். சிறுகதைத் தாயின் அன்பு பெரிது. எனினும் நீரூற்றி மூடி மறைப்பதோடு கடமை முடிந்ததென்று நாம் கற்பித்துவிடக் கூடாது. நம் நாட்டில் 2017-இல் சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் இயற்றப்பட்டது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு இத்தகைய கொடுமை நேர்ந்ததை அறிந்தவர், காவல்துறையிடம் தெரிவிக்காமல் இருப்பதே குற்றமாகும். பிள்ளையை அணைக்கவும் வேண்டும். குற்றவாளியைச் சட்டத்தின் முன் நிறுத்தவும் வேண்டும். ஜெயகாந்தன் முதலாவதை நன்கு உணர்த்துகிறார். இரண்டாவதை நாம்தான் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே என் முடிவு இது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்நூல் உரியதன்று. ஆறாம் படிவ மாணவர்க்கு, முன்னரே படித்த ஆசிரியர் ஒருவர் உடனிருந்து பேசுவதானால் கொடுக்கலாம். தமிழாசிரியரோ தவறாமல் படிக்க வேண்டும். சிறுகதையை முதலிலும் நாவலைப் பின்னரும் படிப்பது நன்று. சிறுகதையை மட்டும் படித்தவர் ஆறுதலோடு எழுந்துவிடுவார். நாவலையும் படித்தவருக்கே அந்த ஆறுதல் கிட்டாதவளின் நிலை தெரியும். நாளை ஒரு மாணவி அழுதுகொண்டு நம் வகுப்பறை வாசலில் வந்து நின்றால், அவளிடம் நாம் கூறும் முதற்சொல் என்னவாயிருக்கும்? படிக்கும்போது அக்கேள்விக்கு விடையை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.