பாயும் நொடி

யூர்கன் கிளாப் பயிற்சியளித்த லிவர்பூல் கால்பந்து அணி ஆடிய ஆட்டங்களைத் திரும்பப் பார்க்கும்போது என் கண் பந்தை விட்டு முன்கள ஆட்டக்காரர் ஃபிர்மினோ மேலேயே நிற்கும். எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள் தங்களுக்குள் பந்தைத் தட்டிக்கொண்டிருக்கும்வரை அவர் நிதானமாகத்தான் இருப்பார். பந்து பக்கக் கோட்டோரம் நிற்பவருக்குப் போகும். அவர் தன் கோலைப் பார்த்தபடி வாங்குவார், முதல் தொடுதலிலேயே பந்து காலை விட்டு ஒரு முழம் விலகும். அவ்வளவுதான், ஃபிர்மினோ பாய்ந்துவிடுவார். நேராக அல்ல, வளைந்து ஓடி, பந்து நடுக்களத்துக்குத் திரும்பும் வழியைத் தன் உடம்பாலேயே அடைத்தபடி. அந்தப் பக்கக் கோடும் அவருக்கு ஒரு துணை ஆள். முன்களத்தில் உடன் ஆடும் சலாவும் மானேயும் பின்னால் இருப்பவர்களும் அதே நொடியில் ஏறியாக வேண்டும். ஒருவர் தயங்கினால் அந்த இடைவெளியில் பந்து தப்பிவிடும். 2019-இல் சாம்பியன்ஸ் லீக், 2020-இல் பிரீமியர் லீக் என வந்த கோப்பைகளில் இந்த ஓட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அடுத்த ஆட்டத்தில் பந்து இல்லாதவர்களையும் கொஞ்சம் பாருங்கள்.