தொய்ந்த கயிறு

போவன்பள்ளித் தெருக்களில் காலையில் நாயோடு நடப்பவர்களைக் கண்டால், என் கண் முதலில் கயிற்றுக்குத்தான் போகும். அது விறைத்திருந்தால் நாய்தான் ஆளை இழுத்துப் போகிறது. கொக்கியருகே தொய்ந்து ஊஞ்சல்போல் ஆடினால், அங்கே யாரோ பொறுமையாக உழைத்திருக்கிறார்கள்.

குட்டி திமிரால் இழுப்பதில்லை. அதன் இயல்பு நடையே நம்முடையதைவிட வேகம். இழுத்தால் போய்ச் சேரலாம் என்று கற்றுக்கொடுப்பது நாம்தான். கயிறு இறுகியதும் நின்றுவிட வேண்டும். அதட்டல் வேண்டாம், வெடுக்கென்று சுண்டவும் வேண்டாம். சற்று நேரத்தில் குட்டி திரும்பிப் பார்க்கும், ஓரடி பின்னால் வைக்கும், கயிறு தளரும். அந்த நொடியிலேயே முழங்காலோரம் ஒரு துணுக்கு வேகவைத்த கோழி, பிறகு நடை. எவ்வளவு அழகான பேரம்! வீட்டில் எல்லோரும் இதே விதியைக் காக்க வேண்டும். ஒருவர் விட்டுக்கொடுத்தாலும் குட்டி மறுபடி இழுக்கும்.

போவன்பள்ளிச் சந்தைப் பக்கம் லாரி, வாசனை, தெருநாய் எல்லாம் உண்டு. முதல் பாடம் அங்கே வேண்டாம், மொட்டைமாடி போதும்.

சிப்பிப்பாறைபோல் ஒல்லித் தலை நாய்க்குச் சாதாரணக் கழுத்துப்பட்டை நழுவிவிடும்; மார்புப்பட்டை நல்லது. எந்த நாய்க்கும் முள்பட்டையும் சுருக்குச் சங்கிலியும் வாங்காதீர்கள். அவை அழுத்தும் இடத்தில்தான் மூச்சுக்குழாய் இருக்கிறது.