செயலிக்குத் தமிழ் சேர்க்கலாம். வேற்றுமையை யார் சேர்ப்பது?



ஜாவாஸ்கிரிப்டில் சின்னதாக ஒரு புதிர்ச் செயலி எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். திரையில் எல்லாம் ஆங்கிலம். கூகுள் கிளவுட், மைக்ரோசாஃப்ட் அஸூர் போன்ற மேகச் சேவையை இணைத்துவிட்டால் தமிழ் தானாக வந்துவிடும்னு பலரும் சொல்வார்கள். இணைப்பது சுலபம்தான். வாக்கியத்தையும் மொழிக்குறியையும் அனுப்பினால் தமிழ் திரும்பி வரும். நிரல் பத்துப் பதினைந்து வரிதான்.

குறை சொல்லுமுன் நிறையைச் சொல்லிவிடுவோம். 2017இல் நரம்பியல் முறைக்கு மாறிய பிறகு, கூகுள் தமிழ் மொழிபெயர்ப்பு முழு வாக்கியத்தையும் பார்த்துச் செயல்படுகிறது. சிக்கல் என்னவென்றால், செயலி அதற்கு முழு வாக்கியம் கொடுப்பதில்லை, துண்டுகளைத்தான் கொடுக்கிறது. பொத்தானில் தனியாக 'ரைட்' என்று இருந்தால் அது சரியா, வலதா, உரிமையா? இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்?

இதைவிடப் பெரிய சிக்கல் வேற்றுமை. ஆங்கிலத்தில் 'டு' தனியே நிற்கும். பக்கத்தில் எந்தப் பெயரையும் வைக்கலாம். தமிழில் உருபு பெயரோடு ஒட்டும். பெயருக்கு வெற்றிடம் விட்டு 'க்கு' என்று எழுதிவைத்தால், 'கவிக்கு' சரியாக வரும். மாலா வந்தால் 'மாலாக்கு'. பேச்சில் அப்படிச் சொல்வோம். தேர்வுத்தாளில் எழுத முடியுமா? மாலாவுக்கு என்றல்லவா வரவேண்டும்! முகிலன் வந்தால் 'முகிலன்க்கு'. அது பேச்சிலும் இல்லை.

பால் விகுதியும் அப்படித்தான். ஆங்கில வினை பால் காட்டாது, மலாய் வினையும் காட்டாது. தமிழில் முடித்தானா, முடித்தாளா, முடித்தாரா என்று ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்.

பெயரோடு முழு வாக்கியத்தையும் அனுப்பினால் வேற்றுமை ஓரளவு சரியாகும். ஆனால் பால் ஊகமாகவே இருக்கும். மாணவர் பெயரும் பள்ளிக்கு வெளியே போகும். எழுத்தெண்ணிக்கைக்குக் கட்டணமும் உண்டு. சேவையின் சாவியை உலாவி நிரலில் வைத்தால் யார் வேண்டுமானாலும் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். அது வழங்கியில்தான் இருக்க வேண்டும்.

அப்படியானால் என்ன செய்யலாம்? திரையில் மாறாத வரிகள் நாற்பது ஐம்பதுதான் இருக்கும். அவற்றை இயந்திரத்திடம் ஒருமுறை கொடுத்து, வந்ததை நீங்கள் திருத்தி, ஜேசான் கோப்பாகச் சேமித்துவிடுங்கள். பெயர் வரும் இடங்களில் உருபே வேண்டாதபடி மாற்றி எழுதுங்கள்: 'பெறுநர்: மாலா', 'முடித்தவர்: முகிலன்'. வேற்றுமைச் சிக்கலும் இல்லை, பால் சிக்கலும் இல்லை. முன்கூட்டித் தெரியாத உரைக்கு மட்டும் மேகச் சேவையை வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே 'இயந்திர மொழிபெயர்ப்பு' என்று குறிப்பிடுங்கள்.

தேர்வு எழுதும் மாணவர்களே, உங்கள் வகுப்பில் ஐந்து பேரின் பெயர்களோடு நான்காம் வேற்றுமை உருபைச் சேர்த்துப் பாருங்கள். எத்தனை விதமாகப் புணர்கிறது என்று தெரியும்.

நாம் கரும்பலகையில் பிழையாக எழுதினால் மாணவர் கை தூக்கிக் கேட்பார். திரையில் வரும் பிழையை யாரும் கேட்பதில்லை, அப்படியே படித்துக்கொள்வார்கள். அதனால்தான் கடைசிப் பார்வை ஆசிரியருடையதாக இருக்க வேண்டும்.