சாட்சி சொன்ன மண்

1876ஆம் ஆண்டு யூன் 25ஆம் திகதி, அமெரிக்காவின் மொன்டானாப் பிரதேசத்தில், லிட்டில் பிக்ஹோர்ன் ஆற்றங்கரையிலிருந்த லக்கோட்டா, செயென் மக்களின் குடியிருப்பைத் தாக்கச் சென்றான் கஸ்ரர் என்னும் தளபதி. அவனும், அவன் நேரே நடத்திச் சென்ற இருநூறுக்கு மேற்பட்ட போர்வீரரும் ஒருவர் எஞ்சாது மாண்டனர்.

அவ்விறுதிக் கணங்களைக் கண்டு மீண்டவர் சுதேசிகள் மட்டுமே. ஆயின், அவற்றை உலகுக்குச் சொன்னவர் யார்? 1896இல் மதுபானக் கம்பனியொன்று அச்சிட்டு மதுச்சாலைகளுக்கு வழங்கிய ஓவியத்தில், நீண்ட கூந்தலுடன் வாளோங்கி நிற்கிறான் கஸ்ரர். படையெடுப்புக்கு முன்னரே அவன் தலைமயிரைக் குறுகக் கத்தரித்திருந்தான். படையினர் வாள்களை வழியிலேயே விட்டுச் சென்றிருந்தனர். சான்று ஒன்று, சித்திரம் வேறொன்று!

றெட் ஹோர்ஸ் என்ற லக்கோட்டா வீரர் 1881இல் தாம் கண்ட போரைச் சைகைமொழியிற் கூறினார். நாற்பதுக்கு மேற்பட்ட சித்திரங்களாகவும் வரைந்தளித்தார். இத்தகைய சாட்சியங்களை முரண்பாடுடையனவென நெடுங்காலம் பலர் ஒதுக்கினர். 1983இல் காட்டுத்தீ புல்வெளியை எரித்தது. அதன்பின் நடந்த அகழ்வாய்விற் கிடைத்த தோட்டாக்களும் வெற்றுறைகளும் வேறு கதை கூறின. இறுதிவரை அணிகுலையாது நின்றனர் என்ற புகழ்க்கதையை அவை தாங்கவில்லை. படை குலைந்து சிதறியது என்ற சுதேசிகளின் கூற்றையே வலுப்படுத்தின என்றார் ஆய்வாளர் றிச்சார்ட் பொக்ஸ்.

எனினும், ஒடுக்கப்பட்டோர் கூற்றென்பதாலேயே அனைத்தையும் ஏற்றல் ஆய்வாகாது. போர்வீரர் பலர் தம்மைத்தாமே சுட்டு மாண்டனரென, செயென் வீரர் வூடன் லெக் கூறியதாக 1931இல் வெளிவந்த நூல் சொல்கிறது. தோண்டியெடுத்த எலும்புகள் அத்தகைய பெருந்தற்கொலைக்குப் போதிய ஆதாரம் தரவில்லை. தோற்ற படையின் அரசுக்கே அடங்கி வாழ நேர்ந்தவர், அவ்வரசின் ஆட்கள் முன்னிலையில், மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொன்னவை இவற்றுட் பல. அச்சமும் அதிற் பேசியிருக்கும். கேட்டவரின் விருப்பமும் பேசியிருக்கும்.

ஆகவே ஒவ்வோர் ஏட்டையும் மூன்று வினாக்களால் உரைத்துப் பார்த்தல் வேண்டும்: கண்டவர் யார்? கேட்டவர் யார்? எழுதியவர் யார்? கஸ்ரரின் பெயர் தாங்கிய அப்போர்க்களம் 1991இல் ஆற்றின் பெயரைப் பெற்றது. பெயர் மாறிற்று, அதனைப் பற்றிய நூல்களிலும் இவ்வினாக்கள் எழும்பொழுதே நீதி நிறைவுறும். வென்றவனாயினும் வீழ்ந்தவனாயினும், ஆதாரத்தின் முன் இருவரும் சமமே.