தாய் பிறந்த ஊர் கணக்கில் இல்லை

இலங்கை பற்றிய பொதுக்கொள்கை ஆய்வுகளில் ஒரு பாராட்டு அடிக்கடி கண்ணில் படும். வருமானம் குறைந்த சிறிய நாடு. ஆனாலும் இலவசக் கல்வி, இலவச மருத்துவம், மானிய அரிசி ஆகியவற்றால் எழுத்தறிவிலும் ஆயுளிலும் பெரிய நாடுகளை முந்தியது என்பார்கள். அமர்த்தியா சென் போன்றவர்களும் எடுத்துக்காட்டிய சாதனை இது. பொய்யில்லை. ஆனால் இவை தேசியச் சராசரிகள். நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த கொழுந்தைப் பறித்த மலையகப் பெண், அந்தச் சராசரிக்குள் எங்கே நின்றாள்?

இந்தக் கேள்வியை விடாமல் கேட்டவர்களில் முதன்மையானவர் குமாரி ஜெயவர்த்தன. 1972இல் இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் வரலாற்றையும், 1986இல் மூன்றாம் உலகில் பெண்ணியத்துக்கும் தேசியவாதத்துக்கும் உள்ள உறவையும் எழுதியவர். ரேச்சல் குரியனுடன் சேர்ந்து அவர் 2015இல் வெளியிட்ட ஆங்கில நூல், இலங்கைத் தோட்டங்களில் வர்க்கம், ஆணாதிக்கம், இனத்துவம் மூன்றும் பின்னிக் கிடப்பதைப் பேசுகிறது. துரை, கங்காணி, கணவன் எனப் படிப்படியாக இறங்கும் அதிகாரத்துக்கு அவர்கள் வைக்கும் பெயர் 'தோட்ட ஆணாதிக்கம்'. பெண்ணின் கூலியைச் சட்டமே ஆணின் கூலிக்குக் கீழே வைத்தது. நாட்கூலி சமமானது 1984இல்தான். அந்தக் குறைந்த கூலியையும் பல இடங்களில் கணவனோ தகப்பனோ வாங்கிக்கொண்டார். வீட்டு ஆணின் அதிகாரம் நிர்வாகத்துக்குச் செலவில்லாத மேற்பார்வையாயிற்று. ஆணாதிக்கத்தை வர்க்கத்தோடு ஒட்டவைத்த பின்னிணைப்பாகப் பார்க்காமல், தோட்டம் இயங்கிய முறையாகவே காட்டுவது இந்நூலின் பலம்.

இந்தப் பார்வையைக் குடியுரிமைச் சட்டங்களின் வாசகத்துக்கும் நாம் கொண்டுபோக வேண்டும் என்பது என் வாதம். மலையகத் தமிழரின் குடியுரிமைப் பறிப்பை அரசியல் ஆய்வாளர்கள் பெரும்பாலும் இனம், வர்க்கம் என்ற இரண்டு காரணங்களால் விளக்குகிறார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. வேறு தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்கு உதவின. மறு ஆண்டே சட்டம் வந்தது. ஏன் பறித்தார்கள் என்பதற்கு இது சரியான பதில். எப்படிப் பறித்தார்கள் என்பதற்குச் சட்டத்தைத்தான் படிக்க வேண்டும்.

1948ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதற்குமுன் இலங்கையிலேயே பிறந்தவரும் வம்சாவளிக் குடியுரிமை பெறத் தம் தந்தை அங்கே பிறந்ததை நிறுவ வேண்டும். இல்லையென்றால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். தாய் எங்கே பிறந்தாள் என்ற கேள்வியே இல்லை. அவளும் அவள் தாயும் அந்த மலையிலேயே பிறந்து, அங்கேயே கூடை சுமந்திருந்தாலும் அது சான்றாகாது. பதிவு செய்துகொள்ள வழிவிட்ட 1949ஆம் ஆண்டுச் சட்டம், மணமானவர் 7 ஆண்டு தொடர்ந்து வசித்திருந்தால் போதும் என்றது. மணமாகாதவருக்கும் துணையை இழந்தவருக்கும் 10 ஆண்டு. மணமான ஆண் விண்ணப்பித்தால் அவன் மனைவியும் தீவிலேயே இருந்தாளா என்று பார்த்தது. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள் ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்டால் தொடர்ச்சி அறுந்துபோகும். ஒரு வர்க்கத்தையும் இனத்தையும் வெளியேற்ற, தந்தைவழி என்ற பழைய கருவியே கைகொடுத்தது.

அந்தத் தாய்வீடு பலருக்கு இங்கேதான், நான் இருக்கும் முக்கொம்பைச் சுற்றிய வட்டாரத்தில். 1836இல் இங்கே கட்டிய மேலணை, கொள்ளிடத்தில் ஓடிவிடும் நீரைக் காவிரிக்குத் திருப்பி டெல்டா வயல்களைக் காத்தது. ஆற்று நீர் ஏறாத துறையூர், முசிறிப் பக்கத்து மானாவாரி ஊர்களிலிருந்து ஆட்கள் கண்டிச் சீமைக்குப் போனார்கள். தோட்ட முதலாளிகளுக்கு ஆள் சேர்க்க 1904இல் தோன்றிய சிலோன் லேபர் கமிஷனின் தலைமையிடமும் திருச்சிதான். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. மீதி 1,50,000 பேரின் கதி பிற்பாடு முடிவாயிற்று.

இந்தியச் சட்டமும் மேலானதல்ல. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தாய்வழியாகவும் வம்சாவளிக் குடியுரிமை உண்டு என்று இங்கே ஏற்றது 1992இல். இலங்கை 2003இல் ஏற்றது. தோட்டத் தொழிலாளர் வம்சாவளியில் வந்து, கொட்டப்பட்டு, மண்டையூர் முகாம்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வசித்த 65 பேர் இந்தியக் குடியுரிமை கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். அவர்களது விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்படி 2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதே டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயர் இல்லை.

கொழும்பின் அறிஞர்கள் தோட்டத்துப் பெண்ணின் உழைப்பை எழுதிவிட்டார்கள். அவள் திரும்பி வந்த கதையை எழுத வேண்டியவர்கள் திருச்சியில் படிக்கும் மாணவிகள். ஒப்பந்தத்தின் முதல் ஆண்டுகளில் கைக்குழந்தையோடு கப்பல் ஏறியவர்கள் இப்போது எழுபதைத் தாண்டியிருப்பார்கள். அவர்கள் இருக்கும்போதே போய் உட்கார்ந்து, குடும்பக் கொடிவழியைத் தாய்வழியில் எழுதிக்கொண்டு வாருங்கள். முதல் கேள்வியாக, இரண்டு அரசுகளும் கேட்காததைக் கேளுங்கள்: உங்கள் அம்மா எந்தத் தோட்டத்தில் பிறந்தார்?