விற்கத் தெரிந்தவர்கள், வளர்க்கத் தெரியாதவர்கள்

2024 செப்டம்பர் 27 அன்று டெட்ராய்ட்டில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அந்தப் பருவத்தின் 121-ஆவது தோல்வியைச் சந்தித்தது. நவீன பேஸ்பாலில் அதுவரை எந்த அணியும் ஒரே பருவத்தில் அத்தனை முறை தோற்றதில்லை. 1962-இல் நியூயார்க் மெட்ஸ் தோற்ற 120 ஆட்டங்கள்தான் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கடைசிப் படியாக இருந்தது. அந்தப் படிக்கும் கீழே இறங்கிய இதே அணிதான் மூன்று ஆண்டுகளுக்கு முன் 93 ஆட்டங்களை வென்று, தன் பிரிவில் இரண்டாம் இடத்தைவிட 13 ஆட்டங்கள் முன்னே நின்றது.

2016 இறுதியில் நிர்வாகம் ஒரு மறுகட்டமைப்பை அறிவித்தது. நட்சத்திரங்களை விற்பது, இளைஞர்களைச் சேர்ப்பது, சில ஆண்டுகள் தோல்வியைப் பொறுத்துக்கொள்வது, பிறகு நீண்ட காலம் வெல்வது என்பதே அதன் சுருக்கம். அது ஏன் இப்படி முடிந்தது என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் புழக்கத்தில் உள்ளன. திட்டமே சூதாட்டம் என்கிறார்கள் சிலர். திட்டம் நல்லதுதான், காயங்கள் கெடுத்துவிட்டன என்கிறார்கள் மற்றவர்கள். இரண்டையும் நான் ஏற்கவில்லை.

பேஸ்பாலின் பொருளாதாரத்தைக் கொஞ்சம் சொன்னால்தான் வாதம் பிடிபடும். ஒரு வீரர் மேஜர் லீகுக்கு வந்ததும் ஆறு பருவங்கள் அந்த அணியின் கட்டுப்பாட்டில் இருப்பார். முதல் மூன்று பருவங்களில் சம்பளம் மிகக் குறைவு. ஆகவே தோற்கிற அணிக்கு, இன்னும் மூன்று பருவங்கள் மிச்சமுள்ள நட்சத்திரம் என்பது கையில் கரையும் பனிக்கட்டி. அவரை வெல்லும் நிலையில் உள்ள அணியிடம் கொடுத்து, அதன் மைனர் லீகில் வளரும் இளைஞர்களை வாங்கிக்கொள்ளலாம். ஆண்டுதோறும் நடக்கும் டிராஃப்டில் தோற்ற அணிகள் முன்வரிசையில் தேர்ந்தெடுக்கலாம். பருவத்தின் நடுவே, ஜூலை இறுதியை ஒட்டி, வீரர் பரிமாற்றத்துக்கான கெடு வரும். விற்கிறோமா வாங்குகிறோமா என்று அதற்குள் முடிவெடுத்தாக வேண்டும்.

இதில் விற்கும் வேலையைப் பொது மேலாளர் ரிக் ஹானும் அவருக்கு மேலிருந்த கென் வில்லியம்ஸும் அபாரமாகச் செய்தார்கள். 2016 டிசம்பரில் கிறிஸ் சேலை பாஸ்டனுக்கு அனுப்பி யோவான் மொன்காடாவையும் மைக்கேல் கோபெக்கையும் பெற்றார்கள். மறுநாள் ஆடம் ஈட்டனை வாஷிங்டனுக்குக் கொடுத்து லூகாஸ் ஜியோலிட்டோ, ரெய்னால்டோ லோபெஸ், டேன் டன்னிங் மூவரையும் வாங்கினார்கள். 2017 ஜூலையில் ஹொசே கின்டானாவை ஊருக்குள்ளேயே இருக்கும் போட்டி அணியான கப்ஸுக்கு விற்று, எலோய் ஹிமெனெஸையும் டிலன் சீஸையும் கொண்டுவந்தார்கள். அதற்குச் சற்று முன் கியூபாவின் லூயிஸ் ராபர்ட்டை 2.6 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்திருந்தார்கள். அதற்கான அபராத வரி ஏறக்குறைய அதே அளவு. சீஸ் 2022-இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதின் வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் வந்தார். ஜியோலிட்டோ 2020-இல் ஒரு ஹிட் கூடத் தராமல் ஆட்டத்தை முடித்தார். ராபர்ட் 2023-இல் 38 ஹோம் ரன்கள் அடித்தார். எட்டே மாதங்களில் இத்தனை திறமையைத் திரட்டிய அணிகள் குறைவு. அதனால் சூதாட்டம் என்ற குற்றச்சாட்டு நிற்காது.

வாங்கி வந்த பிறகு நடந்ததில்தான் பழுது.

ஜியோலிட்டோவையே பாருங்கள். 2018-இல் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 6.13 ரன் கொடுத்தார். போதிய இன்னிங்ஸ் வீசிய பிட்சர்களில் அதைவிட மோசமான கணக்கு யாருக்கும் இல்லை. அடுத்த ஆண்டு 3.41, ஆல் ஸ்டார் அணியில் இடம். இடையில் வந்த குளிர்காலத்தில் அவர் தன் உயர்நிலைப் பள்ளிப் பயிற்சியாளர் ஈதன் காட்ஸிடம் போய், கையைச் சுழற்றும் விதத்தையே மாற்றிக்கொண்டு வந்தார். காட்ஸ் அப்போது ஒயிட் சாக்ஸின் ஊழியர் அல்ல; 2020 இறுதியில்தான் அவரை வேலைக்கு எடுத்தார்கள். மறுகட்டமைப்பின் மிகப் பெரிய வளர்ச்சிக் கதை அணியின் மதிலுக்கு வெளியே நடந்திருக்கிறது.

டிராஃப்டில் நடந்தது இன்னும் வருத்தம் தருவது. 2016 முதல் 2019 வரை முதல் சுற்றில் ஸாக் காலின்ஸ், ஜேக் பர்கர், நிக் மாட்ரிகல், ஆண்ட்ரூ வான் என வரிசையாக நான்கு கல்லூரி மட்டையாளர்கள். கல்லூரி மட்டையாளர் சீக்கிரம் தயாராவார், ஆபத்து குறைவு என்பது கணக்கு. நான்காம் இடத்திலும் மூன்றாம் இடத்திலும் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு நூறு ஆட்டம் வரை தோற்று வாங்கிய வாய்ப்பு. அதை அவசரத்துக்குச் செலவழித்தார்கள். 2018-இல் 62 வெற்றி, 100 தோல்வி என்று முடித்த அணிக்கு எதற்கு அந்த அவசரம்?

அவசரத்தின் முழு விலையைக் கொடுத்தவர் ஆண்ட்ரூ வான். 2021 மார்ச்சில், பயிற்சி ஆட்டம் ஒன்றில், சுவரைத் தாண்டும் ஹோம் ரன் ஒன்றைப் பிடிக்க ஹிமெனெஸ் கையை உயர்த்திப் பாய்ந்து மார்புத் தசைநார் கிழிய விழுந்தார். இடது வெளிக்களம் காலியாயிற்று. அங்கே நிறுத்த ஆள் இல்லை. எனவே முதல் பேஸில் மட்டுமே ஆடிப் பழகிய, மைனர் லீகின் மேல் இரண்டு படிகளையும் மிதிக்காத வானை நேரே மேஜர் லீகுக்குக் கொண்டுவந்து இடது களத்தில் நிறுத்தினார்கள். மேஜர் லீகின் பந்துவீச்சைப் படிப்பதே பெரும்பாடாக இருக்கும் வயதில் அவர் பழகாத இடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். 2025-இல் ஒயிட் சாக்ஸுக்கு ஆடிய 48 ஆட்டங்களில் அவருடைய பேட்டிங் சராசரி .189. ஜூன் மாதம் மில்வாக்கிக்கு மாற்றினார்கள். அங்கே 64 ஆட்டங்களில் .308. அதே ஆள், அதே ஆண்டு, அதே மட்டை.

ஒருவர் என்றால் தற்செயல் எனலாம். கோபெக் 2024-இல் சிகாகோவில் ஒன்பது இன்னிங்ஸுக்கு 4.74 ரன் என்ற சராசரியோடு இருந்தார். கெடுவுக்குள் டாட்ஜர்ஸுக்குப் போன பின் 1.13, உலகத் தொடர் மோதிரம். வெளியே போனதும் செழிக்கும் நாற்று, இங்கே ஏன் வாடியது என்று நிர்வாகம் தன்னையே கேட்டிருக்க வேண்டும்.

2021-க்கு வருகிறேன். அந்த ஆகஸ்டில் ஐயோவா மாநிலத்தின் டயர்ஸ்வில்லில், சோளக்காட்டின் நடுவே அமைத்த மைதானத்தில், யாங்கீஸுக்கு எதிராகக் கடைசி இன்னிங்ஸில் 8–7 என்று பின்தங்கியிருந்தபோது டிம் ஆண்டர்சன் அடித்த பந்து வலது பக்கச் சோளக்கதிர்களுக்குள் போய் விழுந்தது. அந்தக் கணத்தில் இந்த மறுகட்டமைப்பு வென்றுவிட்டதாகவே நானும் நம்பினேன். அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்புதான் பரிமாற்றக் கெடு முடிந்திருந்தது. கெடு நாளில் மாட்ரிகலையும் கோடி ஹியூயரையும் கப்ஸுக்குக் கொடுத்துக் கடைசி இன்னிங்ஸ் பிட்சர் கிரெய்க் கிம்ப்ரெலை வாங்கியிருந்தார்கள். ஆனால் லியம் ஹென்ட்ரிக்ஸ் என்ற கடைசி இன்னிங்ஸ் பிட்சருக்கு 5.4 கோடி டாலர் ஒப்பந்தம் ஏற்கெனவே நடப்பில் இருந்தது. கிம்ப்ரெலை எட்டாம் இன்னிங்ஸுக்கு இறக்கினார்கள். கப்ஸில் 0.49 என்றிருந்த அவர் சராசரி இங்கே 5.09. அக்டோபரில், பிளேஆஃபில், ஹூஸ்டன் நான்கு ஆட்டங்களில் கதையை முடித்தது.

கொடுத்த விலை அதிகம் என்பதல்ல என் குறை. மாட்ரிகல் பின்னால் பெரிய ஆட்டக்காரர் ஆகவில்லை. தேவை எங்கே என்று பார்க்காமல் பேரைப் பார்த்து வாங்கியதுதான் குறை. அந்த அணியில் ஓட்டை வலது களத்திலும் இரண்டாம் பேஸிலும் இருந்தது. பருவம் முடிந்ததும், 2.37 சராசரியோடு வீசிய கார்லோஸ் ரோடானுக்கு ஓராண்டுச் சலுகைகூட நீட்டவில்லை. நீட்டி அவர் மறுத்துப் போயிருந்தால் பதிலாக ஒரு டிராஃப்ட் தேர்வு கிடைத்திருக்கும். சான் பிரான்சிஸ்கோவுக்கு அவர் சும்மா போனார்.

காயங்கள் என்ற சமாதானத்துக்கு உரிய இடத்தை மறுக்க மாட்டேன். ஹிமெனெஸ், ராபர்ட், மொன்காடா மூவருமே அடிக்கடி படுத்தார்கள். ஆனால் 162 ஆட்டங்கள் நடக்கிற விளையாட்டில் காயம் விபத்தல்ல, எதிர்பார்க்க வேண்டிய செலவு. அதற்குத்தான் மைனர் லீக் என்ற இரண்டாம் வரிசை. அந்த வரிசை காலி. சந்தையில் வாங்கி நிரப்பவும் உரிமையாளர் ஜெர்ரி ரெய்ன்ஸ்டார்ஃப் துணியவில்லை. 2018–19 குளிர்காலத்தில் மேனி மச்சாடோ என்ற நட்சத்திரத்தை ஈர்க்க, மச்சாடோவின் மைத்துனரையும் நண்பரையும்கூட அணியில் சேர்த்துப் பார்த்தார்கள்; 30 கோடி டாலருக்கு அவர் சான் டியேகோவுக்குப் போனார். அங்கே அவருக்குப் பக்கத்தில் நின்று ஆடிய ஃபெர்னாண்டோ டட்டிஸ் ஜூனியர், 17 வயதில் ஒயிட் சாக்ஸ் கைவிட்டவர். 2016 ஜூனில், மறுகட்டமைப்புக்கு ஆறு மாதம் முன்பு, ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் என்ற மூத்த பிட்சருக்காக அவரைக் கொடுத்தார்கள். தன் வீட்டு நாற்றின் விலை தெரியாத பழக்கம் அப்போதே இருந்தது. உரிமையாளர் துணியாததற்கு இன்னொரு சான்று: 2025 வரை இந்த அணி ஒரு வீரருக்குக் கொடுத்த மிகப் பெரிய ஒப்பந்தம், ஆண்ட்ரூ பெனின்டெண்டிக்குத் தந்த 7.5 கோடி டாலர்.

2023 ஆகஸ்டில் ஹானும் வில்லியம்ஸும் நீக்கப்பட்டார்கள். பொறுப்பேற்ற கிறிஸ் கெட்ஸ் அதுவரை வீரர் வளர்ச்சித் துறைக்கே தலைவராக இருந்தவர். அதனால் அவர்மேல் எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. இரண்டு முடிவுகளை வைத்து அவரை எடை போடலாம். 2024 ஜூலையில் பிட்சர் காரெட் க்ரோஷேவை விற்கச் சொல்லி எல்லாரும் நெருக்கினார்கள். அதுவரை அதிகம் வீசாத கை என்ற அச்சமும், நீண்ட ஒப்பந்தம் இல்லாமல் அக்டோபரில் வீச மாட்டார் என்ற செய்தியும் சேர்ந்து விலை இறங்கியிருந்த நேரம். கெட்ஸ் கெடுவைத் தாண்ட விட்டார். டிசம்பரில் பாஸ்டன் கைல் டீல், பிரேடன் மான்ட்கோமரி, சேஸ் மெய்ட்ராத், விக்கல்மன் கோன்சாலெஸ் நால்வரைத் தந்தது. டீலும் மெய்ட்ராத்தும் 2025-லேயே அணியில் நிலைத்தார்கள். இது நல்ல பொறுமை. ராபர்ட் விஷயத்தில் காட்டியது பொறுமை அல்ல, தயக்கம். 38 ஹோம் ரன் அடித்த பருவம் முடிந்த கையோடு விற்றிருக்க வேண்டியவரை, அடுத்த இரண்டு பருவங்களிலும் பதினான்கு பதினான்காக அடித்துத் தேய்ந்த பின், 2026 ஜனவரியில்தான் மெட்ஸுக்குக் கொடுத்தார்கள்.

டிராஃப்டும் பழையபடி கைகொடுக்காது. முதல் தேர்வுகளை இப்போது குலுக்கலில் தீர்மானிக்கிறார்கள். பெரிய ஊர் அணிகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் குலுக்கலில் இடம் பெற முடியாது. 121 தோல்விக்குப் பரிசாக 2025-இல் ஒயிட் சாக்ஸுக்கு வந்தது பத்தாவது இடம். 2026-க்கான குலுக்கலில் முதல் இடமே விழுந்தது. அது வெறும் அதிர்ஷ்டம். அதை வைத்து யாரையும் பாராட்ட மாட்டேன்.

முதல் மறுகட்டமைப்பு தோற்றது வளர்ப்பில் என்பது என் தீர்ப்பு. இரண்டாவதையும் அந்த ஓர் அளவுகோலால்தான் அளப்பேன். 2025-இல் 60 வெற்றி, 102 தோல்வி என்பது இன்னும் மோசமான கணக்குதான். ஆனால் அந்தப் பருவத்தில் ஒன்று நடந்தது. 2021-இல் பள்ளியிலிருந்து முதல் சுற்றில் எடுத்த கோல்சன் மான்ட்கோமரி, மைனர் லீகின் மேல்படியான ஷார்லட்டில் பந்தைத் தொட முடியாமல் தவித்தார். அவரை ஆட விடாமல் நிறுத்தி, அரிசோனா பயிற்சி முகாமுக்கு வரவழைத்து, மட்டைப் பயிற்சியின் இயக்குநர் ரயன் ஃபுல்லரோடு தனியாக உட்கார வைத்தார்கள். எண்ணிக்கை இல்லை, ஸ்கோர் பலகை இல்லை, மட்டையும் பந்தும் மட்டும். ஜூலை 4 அன்று மேலே வந்தவர் 71 ஆட்டங்களில் 21 ஹோம் ரன்கள் அடித்தார். ஸ்ட்ரைக் அவுட்கள் இன்னும் அதிகம். பிட்சர்கள் அவரைப் படித்த பிறகு என்ன ஆகும் என்பது பாக்கி. ஆனால் ஆண்ட்ரூ வானுக்கு யாரும் தராத அந்தச் சில வாரங்கள் இவருக்குக் கிடைத்தன.